வெள்ளைச் சட்டை போட்டால் நர்சு ஆகிவிட முடியுமா?

வீட்டில் வயதானவர் ஒருவர் படுத்துவிட்டார். மகன் வேலைக்குப் போகவேண்டும். மருமகளும் வேலைக்குப் போகவேண்டும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

படுத்திருப்பவரை யார் பார்த்துக் கொள்வது?

அந்தக் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. கூட்டுக் குடும்பம் இருந்தது. சித்தி இருந்தாள், பெரியம்மா இருந்தாள், மருமகள் இருந்தாள். (அந்த மருமகள் பட்ட பாடு தனிக் கதை!)

இன்று அப்படி இல்லை. போன் செய்கிறோம். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் பையுடன் வாசலில் வந்து நிற்கிறாள். "நர்சு வந்தாச்சு!" என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம்.

வந்தவள் நர்சுதானா? அவளுக்கு என்ன தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தவறு நடந்தால் யார் பொறுப்பு?

இதை நாம் கேட்பது இல்லை. நானும் கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்று சொல்லுகிறேன்.

அத்தைக்கு வந்த ஆபத்து

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் என் அத்தை குளியல் அறையில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 74. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போடவேண்டும்.

ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் சொன்னோம். ஒரு பெண் வந்தாள். 22 வயது இருக்கும். அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். நல்ல பெண். அத்தையைப் "பாட்டி, பாட்டி" என்று கூப்பிட்டு அன்பாகப் பார்த்துக் கொண்டாள்.

ஐந்தாம் நாள் அத்தைக்கு ஒரே சோர்வு. அடிக்கடி சிறுநீர் போயிற்று. நாக்கு வறண்டது. சோதித்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது!

டாக்டரிடம் ஓடினோம். "வேளை தவறாமல் ஊசி போடுகிறோம். 20 யூனிட் போடுகிறோம்" என்று சத்தியம் செய்தேன்.

டாக்டர் அனுபவசாலி. "மருந்துப் புட்டியையும் ஊசியையும் கொண்டுவந்து காட்டுங்கள்" என்றார். காட்டினேன். ஊசியின் மூடியைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"எழுதிக் கொடுத்தது 20. உள்ளே போனது 8" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

வீட்டில் இன்சுலின் போட்டுக் கொள்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

இன்சுலினில் இரண்டு விதம் உண்டு. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று. 100 யூனிட் இருப்பது மற்றொன்று. நம் நாட்டில் புட்டியில் விற்பது பெரும்பாலும் 40. பேனா போன்ற கருவியில் போடுவது 100.

ஊசியும் இரண்டு விதம். 40க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100க்கு உரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. புட்டியில் என்ன எண் இருக்கிறதோ, அதே எண் ஊசியிலும் இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் புட்டி 40. ஊசியோ 100. அதில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உண்மையில் வருவது 8 யூனிட்தான்.

இது தலைகீழாக நடந்திருந்தால்? 100 யூனிட் மருந்தை 40 ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உடம்பில் இறங்குவது 50 யூனிட்! சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். மயக்கம் வரும். உயிரே போகலாம். எங்களுக்கு நேர்ந்தது தவறுகளில் சிறிய தவறு. அவ்வளவுதான்.

குற்றவாளி யார்?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தேன். "இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினேன்.

அவள் அழுதாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு யாரும் சொல்லித் தரலே, அண்ணே. போன மாசம் வரைக்கும் பனியன் கம்பெனியிலே வேலை பார்த்தேன். இங்கே சட்டை கொடுத்தாங்க. விலாசம் கொடுத்தாங்க. பஸ் ஏத்தி விட்டாங்க."

அன்று இரவு கம்பெனி கொடுத்த தாளை எடுத்துப் படித்தேன். நான் கையெழுத்துப் போட்ட தாள்தான். அதில் ஒரு வரி இருந்தது: உதவியாளர் ஊசி போடக்கூடாது. ஊசி போடுவதற்குத் தனியே நர்சை அழைக்கவேண்டும்.

அவளை ஊசி போடச் சொன்னது யார்? நான்தான்! நர்சு வந்து போனால் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்க வேண்டுமே என்று நினைத்தேன். "நீயே போட்டுவிடம்மா" என்றேன். முதலாளி வீட்டுக்காரர் சொல்லும்போது அவள் எப்படி மறுப்பாள்?

ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கி வந்தது யார்? அதுவும் நான்தான்.

கம்பெனி பயிற்சி கொடுக்கவில்லை. நான் விதியை மதிக்கவில்லை. கடைசியில் திட்டு வாங்கியவள் அந்தப் பெண்!

அன்பு போதுமா?

இன்னொன்றும் நடந்தது. ஒன்பதாம் நாள் அத்தையின் முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும். தோல் சிவக்கும்; பிறகு புண்ணாகும்; எலும்பு வரை அரிக்கும். இடுப்பில் ஆபரேஷன் ஆனவரை, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, டாக்டர் சொன்ன முறைப்படி திருப்பவேண்டும்.

"ஏன் திருப்பவில்லை?" என்று கேட்டேன்.

"பாட்டி அசந்து தூங்கினாங்க. எழுப்ப மனசு வரலே" என்றாள்.

பாருங்கள்! அவள் அலட்சியமாக இருக்கவில்லை. இரக்கப்பட்டாள். அந்த இரக்கமே புண்ணாக முடிய இருந்தது. மனம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. கை செய்யவேண்டியது என்ன என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் பார்ப்பார். பெரிய நர்சு வருவார், டாக்டர் வருவார், படுக்கையின் அருகே அட்டை இருக்கும். வீட்டில் நான்கு சுவர்களுக்குள் இருப்பது நோயாளியும் அந்தப் பெண்ணும் மட்டுமே. கேட்பார் இல்லை. ஆகவே, ஆஸ்பத்திரி வேலைக்குக் கொடுப்பதைவிட வீட்டு வேலைக்குத்தான் பயிற்சி அழுத்தமாக இருக்கவேண்டும். நடப்பதோ நேர் எதிர்!

சட்டம் என்ன சொல்லுகிறது?

நர்சு என்பது விளையாட்டான பெயர் அல்ல. துணை நர்சுப் படிப்பு இரண்டு ஆண்டு. பொது நர்சுப் படிப்பு மூன்று ஆண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. படித்து முடித்து, கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். இதற்காகச் சென்னை மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் உதவியாளர் விஷயம் வேறு. இவர்களுக்கு என்று பயிற்சி இல்லாமல் இல்லை. மத்திய சர்க்காரின் திறன் வளர்ப்புத் திட்டத்தில் வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் உதவியாளர் பயிற்சி இருக்கிறது. கொரோனா காலத்தில், 2021 ஜூனில் தொடங்கிய அவசரப் பயிற்சித் திட்டத்திலும் "வீட்டுப் பராமரிப்பு" ஒரு பாடப் பிரிவாக இருந்தது. ஆனால், பயிற்சி இருப்பது வேறு; பயிற்சி பெற்றவரைத்தான் அனுப்புவது வேறு.

ஆள் அனுப்பும் நிலையங்களைப் பதிவு செய்யவேண்டும் என்ற எண்ணமும் டெல்லியில் எழுந்தது. பெற்றோர், முதியோர் நலனுக்காக 2007-ல் ஒரு சட்டம் வந்தது அல்லவா? அதைத் திருத்த 2019 டிசம்பரில் லோக்சபாவில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து முதியோரைப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த மசோதா நிறைவேறவில்லை. 2024-ல் அந்த லோக்சபா கலைந்தது. மசோதாவும் அதோடு போயிற்று.

மருந்துக் கடை வைக்க லைசென்சு வேண்டும். லாரி ஓட்ட லைசென்சு வேண்டும். ஒரு கிழவியின் உயிரைக் கையில் எடுத்துக் கொள்ள வெள்ளைச் சட்டை மட்டும் போதுமா?

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் முதியோர் மருத்துவச் செலவுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் திட்டம் உண்டு. "மெடிகேர்" என்று பெயர். அந்தப் பணத்தைப் பெறும் வீட்டு மருத்துவக் கம்பெனிகள், உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கொடுக்கவேண்டும். அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் கையால் செய்து பழகவேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு 12 மணி நேரம் பயிற்சி உண்டு. நர்சின் சிகிச்சை பெறும் நோயாளி என்றால், உதவியாளரின் வேலை 14 நாளுக்கு ஒரு தடவை மேற்பார்வை செய்யப்படும்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? அப்படியும் சொல்வதற்கு இல்லை. சம்பளம் குறைவு; ஆட்கள் நிலைப்பது இல்லை. ஒருத்திக்குக் கற்றுக் கொடுத்து முடிப்பதற்குள் அவள் வேறு வேலைக்குப் போய்விடுகிறாள். ஆனாலும் "இதற்குக் குறையக்கூடாது" என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். தீராத நோயில் வாடுகிறவர்களின் வலியைத் தணிக்க, 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த இயக்கம் பரவியது. 2008-ல் கேரள சர்க்கார் அதற்கு என்று ஒரு கொள்கையே வகுத்தது. பயிற்சி பெற்ற நர்சு வீடு வீடாகப் போகிறார். நோயாளியைக் கவனிப்பது எப்படி என்று குடும்பத்தாருக்கும் கற்றுத் தருகிறார்.

நம் தமிழ்நாட்டிலும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. பெண் சுகாதாரத் தொண்டர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள். பிசியோதெரபி நிபுணரும் நர்சும் வருகிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? கிராமத்துப் பெண்ணுக்கு வராத வித்தை அல்ல இது. கற்றுக் கொடுத்து, மேலே ஒருவர் கவனித்துக் கொண்டால், அவள் அருமையாகச் செய்வாள்.

கம்பெனிக்காரர் கேட்பது

கம்பெனிக்காரர்களிடம் பேசினால் அவர்களும் ஒரு நியாயம் சொல்லுகிறார்கள்.

"செலவு செய்து பயிற்சி கொடுக்கிறோம். இரண்டாம் மாதம் வீட்டுக்காரரே, 'கம்பெனியை விட்டுவிடு. நேரே எங்களிடம் வந்துவிடு' என்று பெண்ணை இழுத்துக் கொள்கிறார். எங்கள் பணம் போச்சு!"

உண்மைதான். இப்படிச் செய்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மாதம் சில ஆயிரம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் வேலையைச் சரிபார்க்க யார் வருவார்கள்? அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பாள்?

ஆனால் கம்பெனிக்காரர்களை நானும் ஒன்று கேட்கிறேன். எங்கள் அத்தைக்காக மாதம் 24,000 ரூபாய் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் கைக்குப் போனது 14,000. நடுவில் நின்ற 10,000 ரூபாயில், ஒரு வாரப் பயிற்சிக்கு இடம் இல்லையா? மாதம் இருமுறை ஒரு நர்சை அனுப்பி, "என்னம்மா, எப்படிச் செய்கிறாய்?" என்று கேட்க வழி இல்லையா?

"விதி போட்டால் கட்டணம் கூடும். ஏழைகள் எங்கே போவார்கள்?" என்றும் கேட்கிறார்கள். படுக்கைப் புண் வந்தால் ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது? அந்த ஏழையின் தலையில்தானே!

அவளும் மனுஷிதானே!

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பவேண்டும் என்பது விதி. பகலும் இரவும் ஒரே பெண். அப்படியானால் அவள் எப்போது தூங்குவது?

"பாட்டி தூங்கினா நானும் தூங்குவேன்" என்றாள் அந்தப் பெண். அத்தைக்கோ இரவில் தூக்கமே கிடையாது!

இதோடு விட்டோமா? "சும்மாதானே இருக்கிறாய், கொஞ்சம் பாத்திரம் தேய்த்துவிடு" என்றோம். துணியைத் துவைக்கச் சொன்னோம். தூக்கம் இல்லாத கண்ணால் ஊசியில் உள்ள சின்னக் கோட்டை எப்படிப் பார்ப்பாள்? விதியை அவள் மீறவில்லை. மீறும்படி நாம் வைக்கிறோம்.

ஒன்றை மறக்கவேண்டாம். நமக்கு வீடு, அவளுக்கு அது வேலை பார்க்கும் இடம். வேலை இடத்தில் பெண்களுக்கு ஏற்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம், வீட்டையும் வேலை இடம் என்றே சொல்லுகிறது. அவள் படுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை கொடுப்பதும், வேளைக்குச் சோறு போடுவதும் தருமம் அல்ல; கடமை.

நாம் செய்யவேண்டியது

சர்க்கார் செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் அனுப்பும் ஒவ்வொரு நிலையமும் பதிவு செய்யவேண்டும். இத்தனை மணி நேரம் பயிற்சி என்று விதிக்கவேண்டும். பயிற்சி பெற்றவருக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுக்கவேண்டும். பதிவு இல்லாத நிலையம் ஆள் அனுப்பக்கூடாது.

அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. ஆள் வந்து வாசலில் நிற்கும்போதே இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. நீ நர்சா, உதவியாளரா? நர்சு என்றால் கவுன்சில் பதிவு எண் எங்கே?

2. என்ன பயிற்சி, எங்கே, எத்தனை நாள் பெற்றாய்?

3. என்ன வேலை செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதா?

4. அவசரம் என்றால் இரவில் யாருக்குப் போன் செய்யவேண்டும்?

5. உன் வேலையைப் பார்க்க நர்சு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்?

கேட்கும்போது அதட்டாதீர்கள். அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் கம்பெனிக்காரர்தான்.

முதல் நாளே ஒரு சோதனையும் செய்யலாம். நோயாளியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாளா? மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுப்பதாக இருந்தால், தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறாளா? கொடுத்தபின் அரை மணியாவது அப்படியே வைத்திருக்கிறாளா? சிறுநீர்ப் பையைப் படுக்கைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிடுகிறாளா? இந்த மூன்றும் தெரிந்தால் அவள் ஓரளவு பயிற்சி பெற்றவள். தெரியாவிட்டால் திருப்பி அனுப்புமுன், கம்பெனியைக் கூப்பிட்டு நர்சை வரவழைத்துக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். நர்சு ஒருவர் இரண்டு நாள் வந்தார். அந்தப் பெண்ணுக்கும் கற்றுக் கொடுத்தார். எனக்கும் கற்றுக் கொடுத்தார். ஊசி போடும் பொறுப்பை நானே எடுத்துக் கொண்டேன். இரவு முறைக்கு என் மனைவியும் நானும் மாறி மாறி விழித்தோம். அந்தப் பெண் இரவில் தூங்கினாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அத்தையின் தலைமாட்டில் வைத்தோம். எத்தனை மணிக்குத் திருப்பினோம், என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட் எல்லாவற்றையும் எழுதினோம். அவளும் எழுதினாள். அவள் எட்டாம் வகுப்புப் படித்தவள். எழுத்துக் கோணல்தான். ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை.

முதுகுச் சிவப்பு மறைந்தது. சர்க்கரை கட்டுக்கு வந்தது. மூன்றாம் மாதம் அத்தை கோல் ஊன்றி எழுந்தார்.

அந்த நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பெண் ஊருக்குப் போன அன்று எழுதிய கடைசி வரி இதுதான்: "காலை 7 மணி. பாட்டி வாசல் வரை நடந்தார்."

பனியன் கம்பெனியில் இருந்து வந்த பெண்தான் அவள். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தோம். இரவில் தூங்கவிட்டோம். அவ்வளவே!

வெள்ளைச் சட்டை யாரையும் நர்சு ஆக்காது. பயிற்சி கொடுப்பது கம்பெனியின் கடமை. கொடுக்கச் செய்வது சர்க்காரின் கடமை. கேட்டு வாங்குவது நம் கடமை. நாளை நாமும் படுக்கப் போகிறவர்கள்தான். நினைவிருக்கட்டும்!